உங்க ஊரு மலையையும் கண்மாயையும் நீங்களே ஆய்வு பண்ணி ஆவணமாக்குறது எப்படி: பேப்பர், செலவு, நாள்கணக்கு

எங்க ஊரு மதுரை மாவட்டம் மேலூர் பக்கம். ஊருக்கு மேற்கால ஒரு சின்ன மலை, அடிவாரத்துல கண்மாய், மலைமேல ஒரு சுனை. 2022 நவம்பர்ல பக்கத்துல இருக்கிற அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேர் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு (அரிய உயிரினங்களும் பழைய பாரம்பரியமும் இருக்கிறதால காக்க வேண்டிய இடம்னு) அரசு அறிவிச்சப்போ, தமிழ்நாட்டுலயே அதுதான் முதல் தலம்னு பேப்பர்ல படிச்சுட்டு, நம்ம ஊரு மலையையும் இப்படி எழுதி வைக்கணும்னு நாங்க ஆறு பேரு கிளம்பினோம். எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்ல ஆளே இல்ல. மொத்தம் 16 மாசம் ஆச்சு, அதுல பல மாசம் தப்பான வரிசையில வேலை பார்த்ததால வீணாப் போனதுதான். நீங்க அப்படி அலையக் கூடாதுங்கறதுக்காகத்தான் எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன்.

1. முதல்ல அந்த நிலம் யாரோடதுன்னு பாருங்க

கேமராவ தூக்கிட்டு ஓடாதீங்க. நாங்க அப்படித்தான் ஓடினோம், மூணு மாசம் கழிச்சு ஒருத்தர் வந்து இது காப்புக்காடு, யாரைக் கேட்டு உள்ள வந்தீங்கன்னு கேட்டப்போ எங்ககிட்ட பதில் இல்ல. பார்வைக்கு காடா இருக்கிறதெல்லாம் வனத்துறை காடு கிடையாது, மொட்டைப் பாறையா இருக்கிறதெல்லாம் வருவாய்த்துறை நிலமும் கிடையாது. எங்க மலையில கிழக்குச் சரிவு ரெவின்யூ, மேற்குச் சரிவு காப்புக்காடு, நடுவுல எல்லைக்கல்லு ஒண்ணு புதருக்குள்ள கெடக்குது.

பார்க்கிற வழி இது. தமிழ்நாடு அரசோட தமிழ்நிலம் மேப்புல உங்க இடத்தைத் தொட்டா சர்வே நம்பர் வரும். அதை வச்சு இ-சேவை தளத்துல அ-பதிவேடு (எந்த சர்வே நம்பர் யாரோடது, என்ன வகை நிலம்னு இருக்கிற வருவாய்த்துறை பதிவேடு), புலப்படம் (நிலத்தோட அளவு வரைபடம்) ரெண்டையும் எடுத்து பிரிண்ட் போட்டுக்கோங்க. அ-பதிவேட்டுல அந்த நம்பருக்கு நேரா என்ன போட்டிருக்குன்னு ஒரு எழுத்து விடாம படிங்க, காப்புக்காடா, கண்மாயா, மேய்ச்சல் புறம்போக்கா, பாறையா, கல்லாங்குத்தா (கல்லு நிறைஞ்ச தரிசு) அப்படின்னு. பாறை, கல்லாங்குத்துன்னு இருந்தா கொஞ்சம் வேகமா வேலை பாருங்க, ஏன்னா கல் குவாரிக்கு ஏலம் விட முதல்ல தேடுறது அந்த மாதிரி நம்பரத்தான். ஏற்கனவே யாருக்காவது குத்தகை விட்டிருக்கான்னு தெரிஞ்சுக்க கலெக்டர் ஆபிஸ்ல இருக்கிற கனிமவளத் துறைக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும், 30 நாள்ல பதில் தரணும், தரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு போடலாம். நகலுக்கு பக்கத்துக்கு ரெண்டு ரூபா.

ஆர்டிஐல "ஏன்"னு கேக்காதீங்க. ஏன் அனுமதி குடுத்தீங்கன்னு கேட்டா அது தகவல் இல்லைன்னு திருப்பி அனுப்பிருவாங்க. இந்த சர்வே நம்பர்ல இந்தத் தேதியில இருந்து இந்தத் தேதி வரைக்கும் குடுத்த குத்தகை உத்தரவுகளோட நகல் வேணும்னு ஆவணத்தைக் கேளுங்க.

2. ஊராட்சியை உள்ள கொண்டாங்க

பல்லுயிர்ச் சட்டம் 2002ன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலயும் பல்லுயிர் மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும். ஏழு பேருக்குக் குறையாம, மூணுல ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழுவோட முக்கியமான வேலையே மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு (ஊர்ல என்னென்ன உயிரினம் இருக்கு, அதைப் பத்தி மக்களுக்கு என்ன தெரியும்னு எழுதி வைக்கிறது) தயாரிக்கிறதுதான். நிறைய ஊர்ல குழு பேப்பர்ல இருக்கும், அதுல பேரு இருக்கிறவங்களுக்கே அது தெரியாது. ஊராட்சி செயலர்கிட்ட போய் குழு இருக்கா, யார் யாரு, பதிவேடு போட்டாச்சான்னு கேளுங்க. தலைவர் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் பொறுப்புல இருந்தா அவங்ககிட்ட எழுத்துல குடுங்க.

சட்டம் சொன்ன குழுவோட சேர்ந்து பண்ணாம தனியா நண்பர்கள் குழுவா பண்ணுனா என்ன ஆகும்னு கேட்டா, வேலை நடக்கும், ஆனா கடைசியில அந்தக் கட்டு பேப்பரை எங்க குடுக்கிறதுன்னு தெரியாம நிப்பீங்க. நாங்க நின்னோம்.

இந்த இடத்துல ஊர்ல ஒரு பயம் கிளம்பும், கண்டிப்பா கிளம்பும். "இதெல்லாம் எழுதிக் குடுத்தா நாளைக்கு ஆடு மேய்க்க விடமாட்டானுங்கப்பா"ன்னு ஒரு பெரியப்பா எங்ககிட்ட நேராவே கேட்டாரு. அது நியாயமான பயம், சரணாலயம்னு அறிவிச்ச இடங்கள்ல அந்த அனுபவம் பலருக்கு இருக்கு. ஆனா பாரம்பரியத் தலம் வேற, சரணாலயம் வேற. பாரம்பரியத் தலத்துக்கான தேசிய வழிகாட்டுதல்லயே, ஊர் மக்களா விரும்பி ஏத்துக்கிட்டது தவிர அவங்க வழக்கமா பண்றதுக்கு எந்தத் தடையும் வராதுன்னு இருக்கு. அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து தமிழ்ல சொல்லிக் காட்டுங்க. ஆடு மேய்க்கிறவங்களை எதிர்ல நிறுத்திட்டு இந்த வேலையைச் செய்யவே முடியாது, மலையில எங்க என்ன இருக்குன்னு தினம் பார்க்கிறவங்க அவங்கதான்.

3. அனுமதி வாங்குறது

காப்புக்காடுன்னா மாவட்ட வன அலுவலருக்கு மனு, வனச்சரகர் வழியா. சரணாலயம், தேசியப் பூங்கான்னா தலைமை வன உயிரினக் காப்பாளர் அளவுக்குப் போகும், அதுக்கு ஒரு காலேஜ் பேராசிரியரைக் கூட்டு சேர்த்துக்கிட்டா நல்லது. வருவாய் நிலம்னா தாசில்தாருக்கு ஒரு தகவல் கடிதம், விஏஓவுக்கு நகல்.

மனுவுல இருக்க வேண்டியது: குழுவுல யார் யாரு, ஆதார் நகல், எந்தெந்தத் தேதி, எந்த வழியில ஏறி எந்த வழியில இறங்குவீங்க, எத்தனை மணிக்கு வெளிய வந்துருவீங்க, இதோட "செடி, விலங்கு, கல், மண் எதையும் எடுக்க மாட்டோம், போட்டோவும் குறிப்பும் மட்டும்தான், முடிஞ்சதும் அறிக்கை நகல் தருவோம்"னு ஒரு வரி. அந்த ஒரு வரிதான் எங்களுக்கு கதவைத் திறந்துச்சு.

எங்க முதல் மனு ஒரு ஆபிஸ்ல காணாமப் போச்சு, நாலு மாசம் வாராவாரம் போய்ப் போய் விசாரிச்சோம், கடைசியில அப்படி ஒண்ணு வரவே இல்லன்னு சொல்லிட்டாங்க. எங்ககிட்ட ஆதாரம் எதுவும் கிடையாது. அதனால ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணைக் குடுத்துட்டு இன்னொண்ணுல தேதியோட சீல் வாங்குங்க, சீல் போட மாட்டேன்னா அன்னைக்கே ஸ்பீட் போஸ்ட்ல, போய்ச் சேர்ந்ததுக்கு ஆதாரம் கேட்டு அனுப்புங்க (பதிவுத் தபால் 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேர்ந்துருச்சு). நாங்க ரெண்டாவது தடவ ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால்ல அனுப்பினோம், ஐந்தாவது வாரம் அனுமதி கையில இருந்துச்சு.

பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் காட்டுத்தீ காலம், அப்ப உள்ள விட மாட்டாங்க. மனுவ ஜூலை ஆகஸ்ட்ல குடுத்தா மழைக்கு முன்னாடி கையில கிடைக்கும். ட்ரோன் பத்தி கனவே காணாதீங்க, அதுக்கு தனி அனுமதி வேணும், பாறையில அடையிற பறவைக்கும் அது தொந்தரவு.

4. எங்களுக்கு ஆன செலவு

பைனாகுலர் 8,200 (8க்கு 42 அளவு, ஆறு பேருக்கு ஒண்ணு, அது போதும்). அளவு டேப், ஸ்கேல் 450. பிரிண்ட், ஜெராக்ஸ் 2,300. ஆர்டிஐ அஞ்சு மனு 50, நகல் பக்கங்கள் 240. பதிவுத் தபால் 400. டீ, பன்னு, வயசானவங்க வீட்டுக்குப் போறப்ப வெத்தலைபாக்கு பழம் 3,000. கூட்டுனா 14,640 ரூபா. பெரிய கேமரா இல்லாம போன்லயே முக்கால்வாசி முடிச்சோம். பைனாகுலர் யார்கிட்டயாவது இரவல் கிடைச்சா செலவு பாதிக்கு மேல குறையும்.

ஒரு செலவை மட்டும் குறைக்காதீங்க, அந்த வெத்தலைபாக்குச் செலவை.

5. பெருசுங்ககிட்ட பேசுறது, இதுக்குத்தான் நிறைய நாள் ஒதுக்கணும்

மலையேறதுக்கு முன்னாடி இத முடிங்க. நாங்க ரெண்டு மாசம் கழிச்சுத்தான் இத ஆரம்பிச்சோம், அதுக்குள்ள கண்ணு முன்னாடி இருந்த பல விஷயத்தை மிதிச்சுத் தாண்டிப் போயிருக்கோம்.

கேள்வியை அவங்க வார்த்தையில கேளுங்க. "இங்க சமணர் படுகை இருக்கா அய்யா"ன்னு (சமணத் துறவிங்க தங்குறதுக்கு பாறையில வெட்டுன கல் படுக்கை) பத்து வீட்ல கேட்டோம், எல்லாரும் இல்லன்னு சொன்னாங்க. பதினோராவது வீட்ல ஒரு அப்பத்தா "பஞ்சபாண்டவர் படுக்கையைக் கேக்குறியா, அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானய்யா"ன்னு சொல்லிட்டு பேரனை அனுப்பி வழி காட்டுனாங்க. முதுமக்கள் தாழின்னு கேட்டா தெரியாது, பெரிய பானை எங்கயாவது மண்ணுக்குள்ள வாய் தெரிய இருக்கான்னு கேட்டா தெரியும். நடுகல்லுன்னு கேட்டா தெரியாது, குதிரையில வீரன் இருக்கிற கல்லு, பட்டவன் சாமி, அம்மாவும் அய்யாவும் சேர்ந்து நிக்கிற கல்லுன்னு கேட்டா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க.

கண்மாய்க்கு தண்ணி பாய்ச்சுற நீர்க்கட்டி இன்னும் ஊர்ல இருந்தாருன்னா அவரோட ஒரு முழு நாள் நடங்க. எந்த மடை (தண்ணி திறந்து விடுற மதகு) எந்த வயலுக்கு, கலிங்கு (கண்மாய் நிறைஞ்சா உபரித் தண்ணி வெளியேறுற இடம்) எப்ப மறுகால் போச்சு, வரத்துக்கால் எங்க அடைஞ்சு கெடக்கு, இதெல்லாம் எந்த ரெக்கார்டுலயும் முழுசா கிடையாது. பழைய மடைத்தூண்கள்ல கல்வெட்டு இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், கண்மாய் வத்துற சித்திரை வைகாசியில போனீங்கன்னா கீழ்ப்பகுதி வரைக்கும் பார்க்கலாம்.

ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி கேட்டுட்டு ஆன் பண்ணுங்க, அவங்க "இதைப் போடாதய்யா"ன்னு சொன்னா போடாதீங்க. முக்கியமா நாட்டு வைத்தியம். எந்த வேரு எந்த நோவுக்குன்னு அவங்க சொல்றது குடும்பச் சொத்து, பதிவேட்டுல அதை ரகசியமா வைக்கச் சொல்லி குறிக்கலாம், அவங்ககிட்ட அப்படி ஒரு வழி இருக்குன்னு சொல்லிட்டுக் கேளுங்க.

செடி கொடி பேர ஊர்ல சொல்ற மாதிரியே எழுதுங்க. கொடுக்காப்புளின்னு ஒரு ஊர்ல, கோணப்புளியங்கான்னு இன்னொரு ஊர்ல. புத்தகப் பேர அப்புறம் பக்கத்துல சேர்த்துக்கலாம், ஊர்ப் பேரு அந்த அப்பத்தாவோட போயிருச்சுன்னா எங்க தேடியும் கிடைக்காது.

6. உயிரினங்களைப் பதியறது

பறவைக்கு இபேர்ட், மத்த எல்லாத்துக்கும் ஐநேச்சுரலிஸ்ட், ரெண்டுமே பார்த்த உயிரினத்தைப் பதியிற போன் ஆப், ரெண்டுமே இலவசம். நாங்க பண்ணுன முறை இதுதான், மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு, காலையில ஆறு மணிக்கு, கண்மாய் கரையில அதே நாலு இடத்துல தலா 15 நிமிஷம் நின்னு, பார்த்த கேட்ட எல்லாப் பறவையையும் எண்ணிக்கையோட போடுறது. அழகான பறவையை மட்டும் போட்டுட்டு காக்கா மைனாவ விட்டீங்கன்னா அது முழுப் பட்டியல் ஆகாது, அந்தத் தகவலை வச்சு யாரும் எதையும் ஒப்பிட முடியாது. பறவை பேரு தெரியலன்னா தெரியலன்னு விடுங்க, அடிச்சு விடாதீங்க. அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் வலசைப் பறவைங்க இருக்கிற நேரம், பொங்கல் நாட்கள்ல தமிழ்நாடு முழுக்க பறவை கணக்கெடுப்பு நடக்கும், புதுசா வர்றவங்களுக்கு அதுதான் நல்ல வாசல்.

செடிக்கு ஒரு போட்டோ பத்தாது. முழு மரம், பட்டை, இலை மேல்பக்கம், இலை அடிப்பக்கம், பூ, காய், எல்லாம் ஒரே பதிவுல சேருங்க. நட்டு வளர்த்த செடியா இருந்தா அதைக் குறிச்சிருங்க, இல்லன்னா கோயில் நந்தியாவட்டை கூட காட்டுச் செடின்னு கணக்குல ஏறிரும்.

ஒரு பெரிய பொறி வாட்ஸ்அப். எங்க பசங்க எடுத்த முன்னூறு போட்டோவ குரூப்புல வாங்கி சேர்த்து வச்சோம், அப்புறம் பார்த்தா ஒண்ணுல கூட எடுத்த தேதியும் இல்ல இடமும் இல்ல, அனுப்புறப்பவே அழிஞ்சிருது. மறுபடி எல்லார் போனையும் வாங்கி நேரா ஏத்த வேண்டியதாச்சு. போட்டோவ டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்லன்னா போன்ல இருந்தே நேரா பதியச் சொல்லுங்க.

மலையில மலைத்தேன் கூடு இருந்தா அந்தப் பக்கம் சென்ட் போட்டுட்டுப் போகாதீங்க, பீடி பத்த வைக்காதீங்க, பேச்சையும் குறைச்சுக்கோங்க. பாறை இடுக்குல கை விடாதீங்க. பாம்பு கடிச்சா கட்டுப் போடாம, கீறாம, 108க்கு அடிச்சு விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. தனியா யாரும் ஏறக்கூடாது, மூணு பேராவது.

7. கல்வெட்டு, சிற்பம், பழைய கல்லு

அரிட்டாபட்டியில ஒரே மலைச்சுற்றுல தமிழிக் (தமிழ் பிராமி) கல்வெட்டும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும், வட்டெழுத்தும் (பழைய தமிழ் எழுத்து வகை), இலகுலீசர் (சைவத்துல வர்ற ஒரு குரு) சிற்பம் இருக்கிற பாண்டியர் குடைவரையும் (பாறையைக் குடைஞ்ச கோயில்) இருக்கு, அதே பாறையில வல்லூறும் (ஒரு வேட்டைப் பறவை) அடையுது. அதனாலதான் ரெண்டையும் சேர்த்துப் பதியணும்னு சொல்றேன், பறவைக்காரங்க தனியா கல்வெட்டுக்காரங்க தனியா போனா ஒருத்தர் கண்ணுல பட்டது இன்னொருத்தருக்குத் தெரியாமயே போயிரும்.

செய்யக்கூடாதது முதல்ல. எழுத்து தெரியலன்னு சாக்பீஸ் தடவாதீங்க, எண்ணெய் ஊத்தாதீங்க, கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க, பெயிண்ட் அடிக்கவே அடிக்காதீங்க. மைப்படி (கல்வெட்டு மேல தாளை ஒட்டி மை போட்டு எடுக்கிற பிரதி) எடுக்கிறது தொல்லியல் துறை ஆளுங்க வேலை. எழுத்து தெரிய சாய்வு வெளிச்சம் போதும், காலையில ஏழு மணிக்கு முன்னாடியோ சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலயோ போங்க, இல்லன்னா பக்கவாட்டுல டார்ச் அடிச்சு எடுங்க. பக்கத்துல ஸ்கேல் வச்சு ஒண்ணு, வைக்காம ஒண்ணு, சுத்து இடத்தோட ஒண்ணு.

மத்தியத் தொல்லியல் துறையோட நீலப் பலகை இருந்தா அது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்துனா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். பலகை இல்லாத இடத்துலயும் தோண்டாதீங்க. பானை ஓடு, பழைய காசு கண்ணுல பட்டா கெடந்த எடத்துலயே போட்டோ எடுத்துட்டு விஏஓவுக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் எழுத்துல தெரிவிங்க, வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா 1878ம் வருஷப் புதையல் சட்டத்துல மாட்டிக்குவீங்க.

"புது கல்வெட்டு கண்டுபிடிச்சோம்"னு பேப்பருக்குச் சொல்றதுக்கு முன்னாடி, அது ஏற்கனவே படிச்சதான்னு பாருங்க. மாவட்ட வாரியான கல்வெட்டுத் தொகுதிகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல இலவசமா கிடைக்கும். எங்க ஊர் கண்மாய் மடைக் கல்வெட்டு பல வருஷத்துக்கு முன்னாடியே படிச்சு அச்சாகியிருந்துச்சு, ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. அதைப் படிச்சுக் காட்டுனப்போ கண்மாய் பேரு அன்னைக்கும் இதேதான்னு தெரிஞ்சு நீர்க்கட்டி அய்யா ரொம்ப நேரம் அந்தக் கல்லையே தடவிட்டு நின்னாரு.

8. வெளிய சொல்லக் கூடாதது

அழுங்கு (எறும்புதின்னி), தேவாங்கு, வல்லூறு கூடு, கழுகுக் கூடு. இதுங்க இருக்கிற இடத்தை எங்கயும் சரியா போடாதீங்க. அழுங்கை செதிலுக்காகப் பிடிக்கிறாங்க, தேவாங்கை மூடநம்பிக்கைக்காகப் பிடிக்கிறாங்க. ஐநேச்சுரலிஸ்ட்ல அழிவு ஆபத்துல இருக்கிற பல இனத்துக்கு இடத்தை அதுவே மறைக்கும், ஆனா அதை நம்பி இருக்காம நீங்களே மறைக்கிற ஆப்ஷன் போடுங்க. ஃபேஸ்புக்ல பின்னாடி மலை தெரியுற மாதிரி பறவைக் கூட்டோட படம் ஒண்ணு போட்டாலே போதும், அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து கேமரா வந்து நிக்கும், தாய்ப்பறவை கூட்டை விட்டுட்டுப் போயிரும். கூட்டுத் தகவல் தனி நோட்டுல, ஒரே ஒருத்தர் பொறுப்புல இருக்கட்டும். ராத்திரி தேவாங்கு தேடிப் போறதுக்கு வனத்துறை ஆள் கூட இல்லாம கிளம்பாதீங்க, ஃப்ளாஷ் அடிக்காதீங்க.

9. கிராம சபையில வைக்கிறது

வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்க தீர்மானத்தை குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி ஊராட்சியில எழுத்துல குடுத்து பொருள் பட்டியல்ல ஏத்தச் சொல்லுங்க, அன்னைக்கு எழுந்து நின்னு பேசுனா மினிட் புக்குல ஏறாது. 501ல இருந்து 3,000 வரைக்கும் மக்கள்தொகைன்னா 100 பேராவது இருக்கணும், ஆள் குறைஞ்சா தீர்மானமே செல்லாது, அதனால நூறு நாள் வேலைக்காரங்க, மகளிர் குழு எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லி வைங்க.

தீர்மானத்துல சர்வே நம்பர், பரப்பளவு, என்னென்ன உயிரினம், என்னென்ன தொல்சின்னம், எல்லாம் வரணும். "எங்கள் மலையைக் காப்பாற்ற வேண்டும்"னு மட்டும் எழுதுனா உபயோகம் கம்மி. 2024 கடைசியில மேலூர் வட்டாரத்துல டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஏலம் விட்டப்போ, அரிட்டாபட்டிக்குள்ள என்ன இருக்குங்கறது ஏற்கனவே அரசாணையில பதிவாகியிருந்துச்சு. சுத்துப்பட்டு ஊர்களோட கிராம சபைத் தீர்மானங்கள், மக்கள் நடந்த நடை, சட்டசபைத் தீர்மானம் எல்லாம் சேர்ந்து 2025 ஜனவரியில அந்த ஏலம் ரத்தாச்சு. நம்ம ஊரு பேரு மேப்புல வந்ததுக்கு அப்புறம் பறவை எண்ண ஆரம்பிக்க நேரம் இருக்காது.

தீர்மான நகலை கையெழுத்து சீலோட அன்னைக்கோ அடுத்த வாரமோ வாங்கிருங்க, தள்ளிப் போட்டா கிடைக்காது. அதையும் பதிவேட்டையும் சேர்த்து பல்லுயிர் மேலாண்மைக் குழு வழியா சென்னையில இருக்கிற தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்துக்கு அனுப்பணும், நகல் கலெக்டருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும். வாரியம் பரிசீலிச்சு அரசு அறிவிக்கணும், அதுக்கு எவ்வளவு நாள்னு கணக்கு கிடையாது. இடம் சின்னதா இருக்கேன்னு தயங்காதீங்க, 2025ல அறிவிச்ச திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில்காடு 4.97 ஹெக்டேர்தான்.

10. மாசக் கணக்கு

மறுபடி ஆரம்பிச்சா நான் இப்படிப் போவேன். ஏப்ரல், மே: அ-பதிவேடு, ஆர்டிஐ, வத்துன கண்மாயில மடைத்தூண் பார்க்கிறது. ஜூன், ஜூலை: பெருசுங்க பேச்சு, குழு விசாரணை, வனத்துறை மனு. ஆகஸ்ட் 15: ஆய்வு நடக்குதுன்னு கிராம சபையில அறிமுகம். அக்டோபர்ல இருந்து டிசம்பர்: மழை, தவளை, பட்டாம்பூச்சி, பூத்திருக்கிற செடிங்க. ஜனவரி, பிப்ரவரி: வலசைப் பறவை, கல்வெட்டு போட்டோ (காப்புக்காட்டுக்குள்ள இருக்கிறதை ஜனவரியிலயே முடிச்சுட்டு), ஆனா வல்லூறு கூடு கட்டுற பாறைப் பக்கம் மட்டும் போகாம. மார்ச்: எழுதுறது. அப்புறம் மே 1 கிராம சபை. 13 மாசம், எங்களை விட மூணு மாசம் கம்மி.

முதல் நாள் பையில வைக்க வேண்டியது: அனுமதி நகல் ரெண்டு, அ-பதிவேடு பிரிண்ட், நோட்டு, பென்சில் (பேனா மழையில கரையும்), ஸ்கேல், ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, சார்ஜ் ஏத்துன போன். அப்புறம் வழி தெரிஞ்ச ஆடு மேய்க்கிற அண்ணன் ஒருத்தருக்கு முந்துன நாளே சொல்லி வச்சிருங்க, அன்னைக்குக் கூலியையும் கணக்குல சேர்த்துக்கோங்க.